கப்பலில் பால் காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமை

பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. கையும் காலும் பைய வந்துவிடும், தைலம் தேய்ப்போம், பிடித்துப் பிடித்து நடக்க வைப்போம் என்று ஒரு தைரியம் இருந்தது. பேச்சு போய்விட்டது என்று தெரிந்த அன்றுதான் பயந்துபோனேன். ஏனென்றால் என் அப்பா என்றால் பேச்சுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்பார்கள், பாதிரியாரை ஐயர் என்பார்கள். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்றால், ஐயரே முந்திக்கொண்டு முடிவு ஜெபத்தை ஆரம்பித்தால்தான் உட்காருவார். காய்கறி வண்டிக்காரரிடம் ஒரு கத்தரிக்காயை வாங்குவதற்குள் அதன் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவார். வீட்டில் அம்மா, அப்பா, நான் என்று மூன்றே பேர். பேசுவது அவர், கேட்பது நாங்கள் இருவர். அதுவும் போதாமல் டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரோடும் சண்டை பிடிப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சத்தம். "ந்நா." தண்ணீர் வேண்டும் என்றாலும் ந்நா, ஃபேனைக் குறை என்றாலும் ந்நா. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. புத்தி பழையபடி தெளிவாக இருந்தது. வார்த்தை மட்டும் வாய் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது.

பார்க்க வந்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வருவார்கள். வந்த வேகத்தில் அப்பாவின் காதருகே குனிந்து, "என்னைத் தெரியுதாஆ?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள். "காது நல்லா கேக்கும், பைய சொல்லுங்க" என்பேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கத்துவார்கள். ஒரு நாள் எனக்குக் கோபம் தலைக்கேறி, "உங்களைத் தெரியுது, அதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாவ" என்று சொல்லிவிட்டேன். வந்தவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அம்மா என்னை அன்று முழுக்கத் திட்டினாள். அப்பாவின் உதட்டோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்புதான் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். சின்ன வயது, பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "ஐயா, இது என்ன? கி... கி..." என்று எடுத்துக் கொடுப்பாள். கிளி. ஊரெல்லாம் பேசி ஜெயித்த மனிதர் ஒரு கிளி படத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஏதோ வேலை இருக்கிற மாதிரி அடுக்களைக்குள் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் அவரே அட்டையை இடது கையால் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

ஒரு தடவை அந்தப் பெண்ணை வாசல் வரை கொண்டுவிடும்போது கேட்டேன்: "உள்ளதச் சொல்லுங்க. வருமா, வராதா?"

"முதல் சில மாசம்தான் அக்கா ரொம்ப முக்கியம்" என்றாள். "அதுக்குள்ள ஒரு வார்த்தையாவது தானா வந்துட்டுன்னா, அதப் புடிச்சிக்கிட்டு மேல போயிரலாம். வராமலே நாள் போச்சுன்னா..." என்று நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

நாள் போய்க்கொண்டிருந்தது. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அப்பா எனக்கு முன்பு அனுப்பிய குரல் செய்திகள் போனில் கிடந்தன. "ஏளா, வரும்போது கருவேப்பில வாங்கிட்டு வா, உங்கம்மா மறந்துட்டா" என்கிற மாதிரியான செய்திகள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அதைப் போட்டுக் கேட்பேன். இனிமேல் இந்தக் குரல் போனில் மட்டும்தானோ என்று நினைக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வரும். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவேன்.

நான் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். வேலைக்கு நடுவே மூச்சு விட எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. அதில் உலகமே கட்டி கட்டியாக, சதுரக் கற்களால் ஆனது. மண், மரம், மலை எல்லாமே கட்டிதான். வெட்டி எடுக்கலாம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், வீடு கட்டலாம், ஊரே கட்டலாம். ஜெயிப்பது தோற்பது ஒன்றும் அதில் கிடையாது. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "நாப்பது வயசு ஆவப் போவுது, இன்னும் மண்ணு வச்சு வெளாடுதா பாரு" என்பாள்.

அப்பாவின் நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் போட்டிருந்தோம். ஒரு மத்தியானம் நான் ஆற்றங்கரையில் ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையை நீட்டி என் கையைத் தட்டிவிட்டார். சுவர் கோணலாம். "அப்பம் நீங்களே கட்டுங்க" என்று எரிச்சலோடு சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பழைய டேப்லெட் ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, அதே உலகத்துக்குள் அவரும் வருகிற மாதிரி செய்து, அவர் மடியில் தலையணையும் அதன்மேல் சப்பாத்திப் பலகையும் வைத்து, அதில் சாய்த்துக் கொடுத்தேன்.

அவர் முதலில் என்ன கட்டினார் தெரியுமா? காம்பவுண்டு சுவர். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஒரு ஆள் இல்லாத உலகத்தில், யார் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்களோ! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாளையங்கோட்டைக்காரருக்கு நிலம் கிடைத்தால் வேறென்ன தோன்றும்?

சுவர் முடிந்ததும் ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். தண்ணீருக்குமேல் நீளமாக ஒரு மேடை எழுந்தது. படித்துறையா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். பாலமா? ந்நா. மேடையின் பக்கவாட்டில் பெரிய வட்டம் ஒன்று வர ஆரம்பித்தது. வண்டிச் சக்கரமா? செக்கா? மாவு மில்லா? ராட்டினமா? ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் "ந்நா!" என்று பலகையை ஓங்கித் தட்டினார். கட்டத் தெரிந்தது, சொல்லத்தான் வரவில்லை. எனக்கு அவரைவிடக் கோபமும் அழுகையுமாக வந்தது. எழுந்து போய் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். "இது நம்ம தையல் டப்பாவுல உள்ள கப்பல்லா!" என்றாள் ஒரே மூச்சில்.

எங்கள் வீட்டில் ஊசி, நூல், பித்தான் எல்லாம் போட்டு வைத்திருக்கிற ஒரு பழைய வெளிநாட்டு பிஸ்கட் டப்பா உண்டு. அதன் மூடியில் ஒரு நீராவிக் கப்பல் படம். இரண்டு பக்கமும் பெரிய பெரிய துடுப்புச் சக்கரங்கள், நடுவில் கறுப்புப் புகைபோக்கி. பிறந்ததிலிருந்து அந்த டப்பாவைத் திறந்து மூடியிருக்கிறேன், மூடியை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. அப்பா அம்மாவைப் பார்த்து மேலும் கீழுமாகத் தலையாட்டினார், கண்ணெல்லாம் தண்ணீர். ஒருவருக்குத் தன் மனதில் இருப்பது இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கப்பல்தான். காலையில் பல் தேய்த்து முடித்ததும் இடது கை டேப்லெட்டைத் தேடும். சதுரக் கட்டிகளை வைத்து வட்டம் போடுவது லேசான காரியம் இல்லை. ஒரு கல் கூடினால் சக்கரம் பூசணிக்காயாகும், ஒரு கல் குறைந்தால் தட்டையாகும். பழக்கமில்லாத இடது கை விரல் நழுவி கல் ஆற்றுக்குள் விழும். மறுபடி எடுப்பார், மறுபடி வைப்பார். எனக்கு அதைப் பிடுங்கி ஒரு நொடியில் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஒரு தடவை நீட்டினேன். கையில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது. சரி ஐயா, உங்கள் கப்பல், உங்கள் பாடு என்று விட்டுவிட்டேன். என் வேலை, கேட்கிற மரத்தையும் கல்லையும் எடுத்துக் கொடுக்கிற சித்தாள் வேலை மட்டும்தான்.

சக்கரம் இரண்டும் முடிந்து மேலே கட்ட ஆரம்பித்ததும் டப்பாவில் உள்ள கப்பலை அவர் மறந்துபோனார். உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் அப்படி ஒரு கப்பல் இருந்திருக்காது. இரண்டு மாடி. முன்பக்கம் வராண்டா, அதற்குக் கம்பி கேட். தரைக்குச் சிவப்பு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. எங்கள் தெருவில் இருக்கிற ஒரு வீட்டைப் பெயர்த்து, இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டி ஆற்றில் விட்ட மாதிரி இருந்தது. "காம்பவுண்டு சுவர்தான் பாக்கி" என்று கேலி செய்தேன். மறுநாள் பார்த்தால் கப்பலின் நான்கு பக்கமும் இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழும்பி நிற்கிறது.

அம்மாவும் மெல்ல மெல்ல உள்ளே வந்துவிட்டாள். கீரை ஆய்கிற தட்டோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். "துணி எங்கன காயப் போட?" என்று கேட்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள் மொட்டை மாடியில் இரண்டு கம்பம் நட்டு நடுவே கொடி கட்டியிருப்பார். "மழ வந்தா?" என்பாள். வராண்டாவுக்குக் கூரை வரும். "யாராவது விருந்தாளி வந்தா எங்கன படுக்க?" ஒரு அறை கூடும். வார்த்தையில் சொல்ல முடியாத பதிலையெல்லாம் அவர் கட்டிக் கட்டிச் சொன்னார். கப்பல் பெரிதாகிக்கொண்டே போனது.

ஆற்றையும் அவர் விடவில்லை. எங்கள் ஆறு அந்த விளையாட்டில் எங்கே இருக்கிறது? ஆனால் கரையில் ஒரு வளைவில் தூண் வைத்து மண்டபம் ஒன்றைப் பாதி தண்ணீருக்குள் கட்டினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் ஆற்றுக்குள் நிற்கிற குறுக்குத்துறைக் கோயில். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு கோபுரம், அதன் பக்கத்தில் பெரிய புளியமரம். ஆழ்வார்திருநகரி. அம்மாவின் ஊர் அதற்குக் கொஞ்சம் அந்தப் பக்கம். "அப்பம் எங்க ஊருக்குப் போவ இனும பஸ்ஸுல இடிபட வேண்டாம், கப்பல்லயே போயிரலாம்" என்று அம்மா கெத்தாகச் சொன்னாள்.

"வழி நெடுக அணைக்கட்டு இருக்கேம்மா, கப்பல் எப்பிடிப் போவும்?" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரு நொட்டச் சொல்லு சொல்லாட்டா ஒனக்குச் சோறு எறங்காது" என்றாள் அம்மா.

இதில் இன்னொரு விஷயத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த விளையாட்டில் இப்படிக் கட்டின கப்பல் ஓடாது. சக்கரமும் சுற்றாது. கட்டின இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது தெரியும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

புகைபோக்கி வைத்து முடித்த அன்று, உள்ளே நெருப்பு வைத்தால் நிஜமாகவே புகை வரும் என்று அவர் சைகை காட்டினார். "கப்பல் பூரா மரம்ப்பா, பத்திக்கிட்டா சாம்பல்தான்" என்று நான் ஒரே பிடியாக மறுத்துவிட்டேன். அந்த விளையாட்டில் நெருப்புக்கு இரக்கமே கிடையாது, பக்கத்தில் மரம் இருந்தால் தாவிவிடும். வெள்ளைப் பஞ்சுக் கட்டிகளை அடுக்கிப் புகை மாதிரி வைத்துக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முடிந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா முழுக் கப்பலையும் சுற்றிக் காட்டச் சொன்னாள். அடுக்களை, படுக்கை அறை, மாடி என்று நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "பிரதிஷ்ட பண்ணாண்டாமா?"

எங்கள் ஆட்கள் புது வீட்டுக்குள் பிரதிஷ்டை ஜெபம் செய்து பால் காய்ச்சாமல் ஒரு பாயைக்கூட விரிக்க மாட்டார்கள். ஆனால் டேப்லெட்டில் இருக்கிற கப்பலுக்கா? "ஐயரக் கூப்புட்டா நம்மள என்ன நெனப்பாரு?" என்றேன்.

"ஐயர் வேண்டாம், நானே ஜெபம் பண்ணுதேன். பால் மட்டும் காய்ச்சணும். அவிய இம்புட்டு நாளு கண்ணு வலிக்கக் கட்டியிருக்காவ, பால் காய்ச்சாம விட்டா நல்லாவா இருக்கு?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் மேலும் கீழுமாகத் தலையாட்டினார். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் நான் என்ன செய்ய?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, கட்டியிருந்த பட்டுப் புடவையை மாற்றாமலே உட்கார்ந்தாள். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். கப்பலின் அடுக்களையில், கீழே கல் பாவி, மரத்திலிருந்து தள்ளி, நடுவில் ஒரு அடுப்பு மேடை ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். எனக்குத் தெரியாதா என்ன, எத்தனை வருஷமாக இதை விளையாடுகிறேன்?

"அடுப்பு எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்றாள் அம்மா.

"எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா?"

"கெழக்கப் பாத்துத்தான் நின்னு காய்ச்சணும். கெழக்குச் செவரு ஓரமா வை."

"நாமதான் வேதக்காரங்களாச்சே, நமக்கெதுக்கு கிழக்கும் மேக்கும்?"

"அடுப்புக்கு என்னளா வேதம்? சொன்னத செய்யி."

அடுப்பைப் பெயர்த்துக் கிழக்குச் சுவரோரம் கொண்டுபோனேன். சுவர் மரம். அதில் ஜன்னலுக்கு அப்பா சிவப்புக் கம்பளியில் திரை வைத்திருந்தார். இடைவெளி விட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அம்மா கண்ணை மூடினாள். "கர்த்தாவே, இந்தக் கப்பலில் நீர் வந்து வாசமாயிரும். இதுல போறவங்க வாரவங்களக் காத்துக்கொள்ளும்" என்று ஆரம்பித்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். திடீரென்று ஜெபம் வேறு பக்கம் திரும்பியது. "இதக் கட்டின கைய நீர் பாத்தீரு ஆண்டவரே. வாயையும் பாரும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்த மனுசன் வாயத் தொறந்தருளும்." மூச்சை இழுத்துப் பிடித்து ஆமென் சொன்னாள். நான் கண்ணைத் திறந்தபோது அப்பா தன் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிறகு அடுப்பில் தீயை மூட்டினேன். பால் வாளியை மேலே வைத்தேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்பம் பொங்கும்?" என்றாள் அம்மா.

"இதுல பொங்காதும்மா. சும்மா வைக்க மட்டும்தான் செய்யலாம். அணைச்சிரட்டா?"

"பொங்காமலா? பொங்காம அடுப்ப அணைக்கவே கூடாது! இரு, நான் நம்ம அடுப்புல பால வைக்கேன். இது பொங்கினதும் சத்தம் குடுக்கேன், அப்பம் அத அணை." பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் அடுக்களைக்கு ஓடினாள். காஸ் பற்ற வைக்கிற சத்தம் கேட்டது.

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஆச்சாம்மா?" "இல்லளா, இப்பந்தான் ஓரம் கட்டுது." "ஆச்சா?" "பொறு, பொறு." அரை லிட்டர் பால் பொங்க இவ்வளவு நேரமா என்று சலிப்பாக இருந்தது.

பின்னால் அப்பா "ந்நா" என்றார். "இருங்கப்பா, அம்மா இப்பம் சொல்லுவா" என்றேன், திரும்பாமலே. மறுபடியும் "ந்நா, ந்நா" என்றார். "அவசரப்படாதீங்க" என்றேன். சப்பாத்திப் பலகையில் டம் டம்மென்று தட்டினார். சந்தோஷத்தில் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன்.

"மூதி!"

எங்கள் ஊரில் மூதேவியைச் சுருக்கி வைத்திருக்கிற வசவு அது. கோயில் கமிட்டியில் இருந்தவர் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. அது போனிலிருந்து வந்த குரல் இல்லை.

திரும்பினேன். கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பு. ஜன்னலின் கம்பளித் திரையில் பற்றி, கிழக்குச் சுவர் எரிந்து, தீ மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்பா இடது கையைக் கம்ப்யூட்டரை நோக்கி நீட்டியபடி, கழுத்து நரம்பு புடைக்க, கோணல் வாயோடு கத்தினார். "மூதி! அணை... அணைளா!"

தண்ணீர் வாளி என்னிடம் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். விரலை அதன் மேல் வைத்தும்விட்டேன். ஆனால் அமுக்க முடியவில்லை. அணைத்துவிட்டால் அவர் கத்துவதும் நின்றுபோகுமே என்று பயமாக இருந்தது. எத்தனை மாசமாக இதற்காகக் காத்துக்கிடந்தேன்! எரியட்டும். இன்னும் ஒரு வார்த்தை வரட்டும்.

அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரு? யாருளா சத்தம் போட்டது?"

"அப்பாதாம்மா! என்னைய மூதின்னாவம்மா!" சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"தீ..." என்றார் அப்பா. "தீ... தீ!"

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆமா, தீதான். தீதான். இன்னொருக்க சொல்லுங்க. ஏளா, அணைச்சிராத, இன்னும் பேசட்டும்." அடுக்களையில் பால் பொங்கி வழிந்து அடுப்பில் சொய்யென்று விழுகிற சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை. தீய்ந்த பால் வாடை வீடு பூராவும் வந்தது.

இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் காலையில் காப்பி என்று சொல்ல அவர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இன்றைக்கும் ஒரு வாக்கியத்துக்கு நடுவே நின்று, வார்த்தையைத் தேடி, கிடைக்காமல் பலகையைத் தட்டுகிறார். ஆனால் அது பிறகு நடந்தது.

அன்றைக்கு, அந்த நேரத்தில், அவர் அவ்வளவு நாள் கல் கல்லாக வைத்துக் கட்டிய கப்பல் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய மரம் போய், தொட்டி மட்டும் அந்த விளையாட்டின் வழக்கப்படி விழாமல் அந்தரத்தில் நின்றது. கொடிக் கம்பம் போனது. ஒரு பக்கச் சக்கரம் பாதி கரைந்துவிட்டது. அணைக்க வேண்டிய மகள் வாளியை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். பெண்டாட்டியோ அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த இரண்டு பைத்தியங்களுக்கும் என்ன வந்தது என்கிற பார்வை. என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டார் போல. அம்மாவின் பக்கம் குனிந்தார். தோளைத் தொட்டு உலுக்கினார். வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது.

"நீ..." என்றார். "நீ... சொல்லு... இவட்ட."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் சொன்னா கேட்டுருவாளாக்கும்? அப்பிடியே ஒங்களக் கொண்டுல்லா பொறந்திருக்கா!"

அதற்கும் பதில் சொல்ல அப்பா வாயைத் திறந்தார்.